சிறாரிடையே குறும்பார்வை: உடலியலும் சமூகமும்

எதிர்த்தரப்பினரின் கருத்தைக் 'குறும்பார்வை' என்று இகழ்வது நமது விமர்சன எழுத்துக்களிற் பழகிப்போன ஒன்று. இச்சொல் உருவகமாகவே நிலைபெற்றுவிட்டமையால் அது குறிக்கும் உடற்குறையைப் பற்றி நாம் சிந்திப்பது அரிதாகிவிட்டது. வகுப்பறையின் பின்வரிசையிலிருந்து கண்ணைச் சுருக்கிக் கரும்பலகையை நோக்கும் பிள்ளைக்கோ அது உருவகமன்று. எழுத்துக்கள் கலங்கித் தெரிகின்றன என்பதை அப்பிள்ளை எவரிடமும் கூறுவதில்லை. உலகம் எல்லோருக்கும் அவ்வாறே தெரிகின்றதென அது நம்பியிருக்கின்றது. ஆசிரியர் அதனை மந்தமான பிள்ளை என்கிறார்; பெற்றோர் கவனமற்ற பிள்ளை என்கின்றனர். உரிய காலத்தில் ஒரு மூக்குக் கண்ணாடி கிடையாமையால், பிள்ளையின் திறமை பற்றிய ஒரு தீர்ப்பே எழுதப்பட்டுவிடுகின்றது.

சிறாரிடையே தோன்றும் குறும்பார்வை பற்றி விஞ்ஞானம் இன்று அறிந்துள்ளவற்றைத் தொகுத்து விளக்குவதும், அவ்வறிவின் சமூக உட்கிடையை எடுத்துக்காட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும். கண்ணைப் பற்றி இலக்கிய மாணாக்கர் எழுதுவதேன் என்ற வினா எழலாம். வாசிப்பும் எழுத்தும் கல்வியும் நமது ஆய்வின் அடிப்படைகள். அவை மனித உடலில் விட்டுச்செல்லும் தடயம் நமக்குப் புறம்பான விடயமன்று.

1. விழிக்கோளத்தில் நிகழ்வது

குறும்பார்வை என்பது அண்மையிலுள்ள பொருள் தெளிவாகவும் தொலைவிலுள்ள பொருள் கலங்கியும் தெரியும் நிலையாகும். தமிழ்நாட்டு நூல்கள் 'கிட்டப்பார்வை' எனக் கூறுவதும் இதனையே. கண்ணுள் நுழையும் ஒளிக்கதிர்கள் விழித்திரையின்மீது குவிந்தால் மட்டுமே தெளிவான விம்பம் உண்டாகும். குறும்பார்வையுள்ள கண்ணில் அவை விழித்திரைக்கு முன்னரே குவிந்து, திரையை அடையும்போது சிதறிவிடுகின்றன. விம்பம் விழித்திரையிலேயே விழுகின்றதென்பதை யொகான்னஸ் கெப்ளர் 1604இல் விளக்கியமை இதனைப் புரிந்துகொள்வதற்கு அடிப்படையாயிற்று. குழிவு வில்லை கதிர்களைச் சற்றே விரித்து அனுப்புவதால், அவற்றின் குவியம் பின்தள்ளப்பட்டு விழித்திரையை எட்டுகின்றது. மூக்குக் கண்ணாடி செய்யும் பணி இதுவே.

கதிர்கள் முன்னரே குவிவதேன்? பெரும்பாலான சிறாரில் விழிக்கோளம் முன்பின்னாக அளவுக்கு மீறி நீண்டுவிடுவதே காரணமாகும். பிறக்கும்போது விழிக்கோளத்தின் நீளம் ஏறத்தாழ 17 மில்லிமீற்றர். வளர்ந்தவரில் அது ஏறத்தாழ 24 மில்லிமீற்றர். கண் தனது ஒளியியல் ஆற்றலுக்கு ஏற்ற நீளத்தை அடைந்ததும் வளர்ச்சி தணியவேண்டும். இவ்வளர்ச்சி குருட்டுத்தனமாக நிகழ்வதன்று. விழித்திரையில் விழும் விம்பத்தின் தன்மையே அதனை நெறிப்படுத்துகின்றது. 1977இல் வீசலும் றவியோலாவும் குரங்குக் குட்டிகளின் இமைகளை மூடித் தைத்து ஆராய்ந்தபோது, தெளிவான விம்பத்தை இழந்த கண்கள் நீண்டு குறும்பார்வை அடைந்தமையைக் கண்டனர். கண் எவ்வாறு வளரவேண்டுமென்பதை அது காணும் உலகமும் ஓரளவு தீர்மானிக்கின்றது என்பது இதனாற் புலனாயிற்று.

குறையின் அளவு டயொப்டர் என்னும் அலகாற் கூறப்படும். ஒரு டயொப்டர் குறும்பார்வையுள்ள பிள்ளைக்கு ஒரு மீற்றர் வரையும், இரண்டு டயொப்டர் உள்ள பிள்ளைக்கு அரை மீற்றர் வரையும், நான்கு உள்ள பிள்ளைக்குக் கால் மீற்றர் வரையுமே கண்ணாடியின்றித் தெளிவாகத் தெரியும். விழிக்கோளம் ஒரு மில்லிமீற்றர் மிகுதியாக நீண்டால் ஏறக்குறைய 2.5 முதல் 3 டயொப்டர் வரை குறை ஏற்படும்.

பாடசாலைப் பருவத்தில் தொடங்கும் இக்குறை பெரும்பாலும் பதின்மப் பருவத்தின் இறுதிவரை வளர்கின்றது. எவ்வளவு இளவயதில் அது தொடங்குகின்றதோ அவ்வளவுக்கு அது முற்றிப் பெருகும் வாய்ப்பும் அதிகம். ஆறு டயொப்டரை எட்டிய நிலையைக் கடுங்குறும்பார்வை எனக் கொள்வது வழக்கம். இழுபட்டு மெலிந்த விழித்திரை பிற்காலத்திற் கழன்றுவிடவும், அதன் மையப்பகுதி சிதையவும், கண்ணழுத்த நோய் தோன்றவும் இந்நிலையில் இடமுண்டு. கண்ணாடி விம்பத்தைத் திருத்துகின்றது. நீண்டுவிட்ட கண்ணைச் சுருக்குவதில்லை. எனவே கண்ணாடி அணிவித்ததுடன் கடமை முடிந்தது எனக் கருதுதல் பொருந்தாது.

2. சிப்பாயும் மாணவனும்

இக்குறை சமூகத்தின் எல்லாப் படிநிலைகளிலும் ஒரே அளவிற் காணப்படுவதில்லை என்பதை முதலில் எண்ணிக்கைகளோடு எடுத்துரைத்தவர்களுள் ஆங்கிலேய வைத்தியர் ஜேம்ஸ் வெயர் குறிப்பிடத்தக்கவர். 1813இல் வெளியான அவரது கட்டுரை, ஏறத்தாழ 10,000 பேரைக் கொண்ட காலாட்காவற் படைப்பிரிவுகளின் சாதாரணச் சிப்பாய்களிடையே குறும்பார்வை அநேகமாக அறியப்படாத ஒன்றெனக் கூறுகின்றது. ஏறக்குறைய இருபது ஆண்டுகளில் இக்குறைக்காக விலக்கப்பட்டோர் ஆறுபேர்கூட இல்லை. ஒக்ஸ்போட் பல்கலைக்கழகக் கல்லூரி ஒன்றிலோ 127 பேருள் 32 பேர் கண்ணாடியோ கைவில்லையோ பயன்படுத்தினர்.

இச்சான்றினை நாம் எச்சரிக்கையுடன் அணுகவேண்டும். வெயர் கல்லூரியில் எண்ணியது கண்களையன்று, கண்ணாடிகளை. கண்ணாடி வாங்கும் வசதியும் அதற்கான தேவையும் சிப்பாய்க்கும் ஒக்ஸ்போட் கனவானுக்கும் ஒன்றாக இருந்திரா. குறை இன்மையும் குறை கண்டறியப்படாமையும் வேறுவேறானவை.

இந்த ஐயத்தை நீக்கியவர் பிரெஸ்லோ நகரின் கண் வைத்தியரான ஹேர்மன் கோன். இன்று போலந்தில் விறொத்ஸ்வாவ் எனப்படும் அந்நகரிலும் அயற் கிராமங்களிலும் 10,060 பாடசாலைப் பிள்ளைகளின் கண்களைச் சோதித்து, முடிவுகளை அவர் 1867இல் வெளியிட்டார். கிராமப் பாடசாலைகளிற் குறும்பார்வை 1.4 வீதம், நகரத்து ஆரம்பப் பாடசாலைகளில் 6.7 வீதம், நடுத்தரப் பாடசாலைகளில் 10.3 வீதம், பல்கலைக்கழகத்துக்கு மாணவரைத் தயார்செய்யும் ஜிம்னாசியங்களில் 26.2 வீதம். கல்வியின் படி உயர உயரக் குறையும் உயர்ந்தது. இருண்ட வகுப்பறை, பொருந்தாத மேசை, நுண்ணிய அச்சு ஆகியவற்றைக் கோன் கண்டித்தார். வகுப்பறைக்குள் பகலொளி தாராளமாக வரவேண்டும் என வாதாடினார்.

அக்காலத்துச் சமூகத்தில் நீண்ட கல்வி வசதிபடைத்தோரின் உடைமையாகவே இருந்தது. எனவே குறும்பார்வையும் அவர்களின் அடையாளமாயிற்று. மூக்குக் கண்ணாடி அறிவாளியின் சின்னமாயிற்று. உழைப்பவரையும் கற்பவரையும் இரு வேறு உலகங்களில் நிறுத்திய பிரிவினை கண்ணின் நீளத்திலும் பதிவாகியிருந்தது எனலாம்.

3. பரம்பரையா, சூழலா?

கோனின் முடிவுகள் பாடசாலையைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தின. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ பார்வை மாறிற்று. லண்டனில் கால்ற்றனின் பெயரால் அமைந்த இனமேம்பாட்டு ஆய்வுகூடத்திலிருந்து ஏமி பறிங்ற்றனும் கார்ள் பியர்சனும் 1909இல் வெளியிட்ட ஆய்வு, பார்வையைத் தீர்மானிப்பதிற் பரம்பரைக்கே மேலாதிக்கம் உண்டென்றும் சூழலின் பங்கு அற்பமானதென்றும் கூறியது. அதன் நடைமுறை விளைவு யாதெனில், பாடசாலைகளைச் சீர்திருத்தவேண்டிய அவசியம் இல்லாமற் போவதாகும். குறை இரத்தத்தில் இருக்கின்றதெனில் சாளரத்தைப் பெரிதாக்குவதனாற் பயன் என்ன? பின்வந்த பல பத்தாண்டுகளிற் பாடநூல்களிலும் இக்கருத்தே செல்வாக்குப் பெற்றிருந்தது.

பரம்பரையின் பங்கை நாம் மறுக்கவில்லை. தாயும் தந்தையும் குறும்பார்வை உடையவராயின் பிள்ளைக்கு அது வரும் வாய்ப்பு அதிகம். இதனோடு தொடர்புடைய பரம்பரை அலகுகள் பல இனங்காணப்பட்டுள்ளன. ஆனால் ஒரு சமூகத்துள் ஒருவருக்கும் இன்னொருவருக்குமிடையே உள்ள வேறுபாட்டை விளக்கும் காரணி, ஒரு தலைமுறைக்கும் அடுத்த தலைமுறைக்குமிடையே நிகழ்ந்த மாற்றத்தை விளக்கவேண்டியதில்லை. பரம்பரை அலகுகள் ஒரு தலைமுறையில் மாறிவிடுவதில்லை.

அலாஸ்காவின் பறோ பகுதியில் இனுயிட் குடும்பங்களிடையே நடத்தப்பட்டு 1969இல் வெளியான ஆய்வு இதற்குத் தக்க சான்று. பெற்றோரும் பாட்டன் பாட்டியருமாகிய மூத்தோர் 131 பேருள் இருவரே குறும்பார்வை உடையவர். பாடசாலைக் கல்வி பெற்ற அவர்களின் பிள்ளைகளிலும் பேரப்பிள்ளைகளிலும் பாதிக்கு மேற்பட்டோர் அக்குறையை அடைந்திருந்தனர்.

தமிழரோடு தொடர்புடைய சான்றொன்றும் உண்டு. 1990களின் பிற்பகுதியிற் சிங்கப்பூரின் இராணுவ சேவைக்கு வந்த இளைஞர்களிடையே சீனரில் 82.2 வீதமும், இந்திய வம்சாவளியினரில் 68.7 வீதமும், மலாயரில் 65.0 வீதமும் குறும்பார்வையினராகக் காணப்பட்டனர். அங்குள்ள இந்திய வம்சாவளியினருட் பெரும்பான்மையோர் தமிழர். 2002இல் வெளியான ஆய்வுகளின்படி இக்குறை புதுடில்லியில் 5 முதல் 15 வயது வரையான சிறாரிடையே 7.4 வீதமும், ஆந்திரத்தின் கிராமப்புறத்தில் 7 முதல் 15 வயது வரையான சிறாரிடையே 4.1 வீதமுமே. வயதும் வட்டாரமும் வேறாகையால் இவற்றை நேரடியாக ஒப்பிடமுடியாது. ஆயினும் இவ்வளவு பெரிய இடைவெளியை வயதும் வட்டாரமும் மட்டும் விளக்கிவிட இயலாது. இது சீனருக்கே உரிய இயல்பு என்ற வாதமும் இதனால் வலுவிழக்கின்றது.

கல்விக்கும் குறும்பார்வைக்குமுள்ள உறவு காரண காரிய உறவேயென்பதை 2018இல் பிரித்தானியாவில் ஏறத்தாழ 68,000 பேரின் பரம்பரை அலகுத் தரவுகளைக் கொண்டு நடத்தப்பட்ட ஆய்வு வலியுறுத்திற்று. கல்வியில் ஓராண்டு கூடும்போது குறும்பார்வை சராசரியாக 0.27 டயொப்டர் கூடுகின்றது என அது மதிப்பிட்டது. குறும்பார்வை உடையவரே இயல்பாகப் புத்தகத்தை நாடிச் செல்கின்றனர் என்ற மறுதலைக் கூற்றுக்கு அங்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

4. புத்தகமா, பகலொளியா?

அவ்வாறாயிற் பிள்ளையின் கையிலுள்ள புத்தகத்தைப் பறித்துவிடுவதா? இங்கேதான் அண்மைக்கால ஆய்வு நமக்கு வேறொரு வழியைக் காட்டுகின்றது.

சிட்னியிலும் சிங்கப்பூரிலும் வாழும் சீன வம்சாவளிச் சிறாரை ஒப்பிட்ட ஆய்வொன்று 2008இல் வெளியாயிற்று. ஆறு, ஏழு வயதினரான இச்சிறாருட் சிங்கப்பூரில் 29.1 வீதத்தினரும் சிட்னியில் 3.3 வீதத்தினரும் குறும்பார்வையினர். பெற்றோரின் குறும்பார்வை இரு நகரங்களிலும் ஏறக்குறைய ஒத்திருந்தது. வியப்பு யாதெனில், வாரத்துக்கு அதிக புத்தகங்களை வாசித்தவர்கள் சிட்னிச் சிறாரே. வேறுபாடு வேறோரிடத்தில் இருந்தது: அவர்கள் வாரத்தில் 13.75 மணிநேரம் திறந்த வெளியிற் கழித்தனர். சிங்கப்பூர்ச் சிறாரோ 3.05 மணிநேரமே.

திறந்த வெளியின் ஒளியே இங்கு முக்கிய காரணியெனக் கருதப்படுகின்றது. வகுப்பறையொன்றின் ஒளிச்செறிவு பொதுவாகச் சில நூறு லக்ஸ் அளவினது. வெயிலுள்ள வெளியில் அது பல்லாயிரம் லக்ஸ் ஆகும். மரநிழலிற்கூட வகுப்பறையைவிடப் பன்மடங்கு மிகும். பிரகாசமான ஒளி விழித்திரையில் டோபமின் என்னும் பொருளின் சுரப்பைத் தூண்டுகின்றதென்றும், அது விழிக்கோளத்தின் நீட்சியைத் தடுக்கும் சமிக்ஞையாகச் செயற்படுகின்றதென்றும் விலங்குகளில் நடந்த ஆய்வுகள் காட்டுகின்றன. வெளியிற் காணும் தொலைக்காட்சிகளும் துணைசெய்யக்கூடும். எவ்வாறாயினும் சூரியனை நேராக நோக்குவது கண்ணைக் கெடுக்கும். வேண்டப்படுவது வெளியில் இருத்தலே.

இக்கருத்து நடைமுறையிலும் சோதிக்கப்பட்டுள்ளது. சீனத்தின் குவாங்சோ நகரில் 2010இற் தொடங்கிப் பன்னிரண்டு ஆரம்பப் பாடசாலைகளில் ஓர் ஆய்வு நடைபெற்றது. ஆறு பாடசாலைகளில் முதலாம் வகுப்புச் சிறாருக்கு ஒவ்வொரு பாடசாலை நாளும் 40 நிமிடம் வெளிப்புறச் செயற்பாடு மேலதிகமாகச் சேர்க்கப்பட்டது. மூன்றாண்டுகளில் அவர்களுட் புதிதாகக் குறும்பார்வை அடைந்தோர் 30.4 வீதம், வழமையான நேரசூசியைப் பின்பற்றியோரில் 39.5 வீதம். விலையுயர்ந்த கருவியோ மருந்தோ இன்றி, நேரசூசியில் நிகழ்ந்த ஒரு மாற்றத்தாற் கிடைத்த பயன் இது. தாய்வானில் நாள்தோறும் 120 நிமிடம் வெளியில் இருத்தலை ஊக்குவிக்கும் திட்டம் 2010இற் தொடங்கப்பட்டது. கூடிக்கொண்டே சென்ற பார்வைக்குறை 2012இல் 49.4 வீதமாக இருந்து 2015இல் 46.1 வீதமாகக் குறைந்தது.

இதன் மறுபக்கத்தைக் கொவிட் தொற்றுக் காலம் காட்டிற்று. சீனத்தின் ஷாண்டோங் மாகாணத்து நகரொன்றில் ஆறு வயதினரிடையே குறும்பார்வை 2015 முதல் 2019 வரை எந்த ஆண்டிலும் 5.7 வீதத்தைத் தாண்டவில்லை. வீடடங்கலின் பின்னர், 2020இல், அது 21.5 வீதமாயிற்று.

சிங்கப்பூர் பூமத்தியரேகைக்கு அண்மையிலுள்ள நாடு என்பதை இங்கு நினைவிற் கொள்ளவேண்டும். அங்கு வெயிலுக்குப் பஞ்சமில்லை. எனவே நாட்டில் ஒளி இருப்பது போதாது. பிள்ளையின் பகற்பொழுது யாருக்கு உரியது என்பதே வினா.

5. கண்டறிதலும் சிகிச்சையும்

பெற்றோரும் ஆசிரியரும் கவனிக்கவேண்டிய அறிகுறிகள் சில உள. பிள்ளை கண்ணைச் சுருக்கி நோக்குதல், தொலைக்காட்சிக்கு மிக அண்மையில் அமர்தல், கரும்பலகையை விடுத்து அயலிலுள்ளவரின் கொப்பியைப் பார்த்து எழுதுதல், விளையாட்டிற் பந்தைத் தவறவிடுதல் என்பன அவை. ஒரு கண்ணில் மட்டும் குறை இருப்பின் அறிகுறி எதுவும் தோன்றாதிருக்கலாம். ஆகவே ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியே மூடிச் சோதித்தல் வேண்டும். சிறாரின் கண்தசை இறுகிநிற்பதாற் பொய்யான குறும்பார்வை தோன்றுவதுண்டு. அதனாலேயே தசையைத் தளர்த்தும் துளிமருந்தை இட்டபின் கண் வைத்தியர் அளவிடுகின்றார்.

கண்ணாடி அணிந்தாற் குறை கூடும், ஆகையாற் குறைந்த வலுவுள்ள கண்ணாடியே நல்லது என்ற நம்பிக்கை நம்மிடையே பரவலாக உள்ளது. இது தவறு. கோலாலம்பூரில் நடத்தப்பட்டு 2002இல் வெளியான ஆய்வில், வேண்டுமென்றே வலுக்குறைந்த கண்ணாடி அணிவிக்கப்பட்ட சிறாரின் குறை, முழுமையாகத் திருத்தப்பட்டோரின் குறையைவிட விரைவாக வளர்ந்தது. கண்ணப்பியாசங்களோ கரட், பொன்னாங்காணி முதலிய உணவுகளோ நீண்ட விழிக்கோளத்தைச் சுருக்குவதில்லை. அவை உணவாக நல்லன என்பது வேறு விடயம்.

குறையின் வளர்ச்சியைத் தணிக்கும் வழிகள் இன்று உள. செறிவு மிகக் குறைந்த அத்திரோபின் துளிமருந்து அவற்றுளொன்று. சிங்கப்பூரிலும் ஹொங்கொங்கிலும் நடந்த ஆய்வுகளால் இது முன்னணிக்கு வந்தது. ஹொங்கொங் ஆய்வில் ஒப்பிடப்பட்ட மூன்று செறிவுகளுள் 0.05 வீதக் கரைசலே கூடிய பயன் தந்தது, 0.01 வீதக் கரைசல் பற்றிய முடிவுகள் ஒன்றுபோல் இல்லை. இம்மருந்து வைத்தியரின் மேற்பார்வையிலேயே பயன்படுத்தப்படவேண்டும். நடுப்பகுதியால் தெளிவான விம்பத்தையும் சுற்றுப்பகுதியால் வளர்ச்சியைத் தடுக்கும் விம்பத்தையும் தரும் சிறப்பு வில்லைகள் மற்றொரு வழி. ஹொங்கொங்கில் உருவான அத்தகைய கண்ணாடி வில்லையொன்று ஈராண்டுகளில் வளர்ச்சியை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தது. இரவில் அணியும் தொடுவில்லைகளும் உள. அவற்றில் தூய்மை தவறின் கண்ணிற் கடுந்தொற்று ஏற்படலாம். திறந்த வெளி குறை தோன்றுவதைத் தாமதப்படுத்துவதிலேயே கூடிய பயன் தருகின்றது. தோன்றிவிட்ட குறையை அது எவ்வளவு தணிக்கும் என்பதற்கான சான்று அத்துணை வலுவானதன்று. எனவே தடுப்பும் சிகிச்சையும் ஒன்றுக்கொன்று மாற்றாகா.

6. யாருக்குக் கண்ணாடி?

இவ்வழிகளின் விலையை நோக்கும்போது பழைய வர்க்க வேறுபாடு புதிய வடிவிற் தோன்றுகின்றது. வெயரின் காலத்திற் குறும்பார்வை வசதிபடைத்தோரின் குறையாக இருந்தது. கல்வி பொதுவுடைமையாகப் பரவியபோது அக்குறையும் ஏழை வீடுகளுக்கு வந்துசேர்ந்தது. அதனைத் திருத்தும் வசதி அவ்வாறு வந்துசேரவில்லை. சீனத்தின் கன்சு, ஷான்ஷி மாகாணக் கிராமங்களில் நடந்து 2014இல் வெளியான ஆய்வில், கண்ணாடி தேவைப்பட்ட பிள்ளைகளுள் ஏறத்தாழ 15 வீதத்தினரே அதனை அணிந்திருந்தனர். இலவசமாகக் கண்ணாடி வழங்கப்பட்ட பிள்ளைகளின் கணிதப் புள்ளிகள் உயர்ந்தன. 'மந்தம்' எனப்பட்டதில் ஒரு பகுதி வறுமையே என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

நமது நாட்டில் நிலைமை யாது? பாடசாலை மருத்துவப் பரிசோதனையிற் கண்ணும் சோதிக்கப்படுகின்றது. இது இலவச சுகாதார சேவையின் நற்பேறு. ஆனால் குறை எழுதப்பட்ட துண்டுக்கும் பிள்ளையின் முகத்தில் ஏறும் கண்ணாடிக்கும் இடையே தூரம் உண்டு. நாட்கூலியை இழந்து வைத்தியசாலைக்குச் செல்லவேண்டிய தாயும், கண்ணாடி அணிந்த மகளுக்கு வரன் கிடையாதென அஞ்சும் தந்தையும் அத்தூரத்தில் நிற்கின்றனர். கண்ணாடியைக் குறையின் அடையாளமாகக் கருதி மகளின் பார்வையை மறைப்பது அவளது கல்வியையே மறைப்பதாகும்.

மற்றொன்று நேரம். நமது பாடசாலைகள் பிற்பகல் ஒன்றரை மணியளவில் முடிகின்றன. நல்ல ஒளியுள்ள எஞ்சிய பகற்பொழுதைத் தனியார் வகுப்புகள் எடுத்துக்கொண்டுவிட்டன. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்கு ஆயத்தமாகும் பிள்ளை, கண் இன்னும் வளரும் பருவத்திலேயே, பாடசாலைக் கூரையிலிருந்து ஓலைக் கொட்டிலுக்கும் அங்கிருந்து வீட்டு மின்விளக்குக்கும் மாறுகின்றது. இதற்குப் பெற்றோரின் பேராசையை மட்டும் குறைகூறுதல் நியாயமன்று. நல்ல பாடசாலைகள் சிலவாகவும், பல்கலைக்கழக இடங்கள் அரியனவாகவும், தொழில்கள் அவற்றினும் அரியனவாகவும் உள்ளவரை பெற்றோர் வேறென்ன செய்வர்? சீனம் 2021இற் பாடசாலைப் பாடங்களுக்கான தனியார் வகுப்புகளைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. ஆனால் பல்கலைக்கழக நுழைவுப் பரீட்சையின் போட்டி அவ்வாறே நீடித்தமையால் மறைவான வகுப்புகள் தொடர்ந்தன. போட்டியின் வேரைத் தொடாது கிளையை வெட்டுவதன் எல்லை அதுவே.

எனினும், வேரை அசைக்கும்வரை கைகட்டி இருக்கவேண்டியதில்லை. ஆரம்ப வகுப்புகளின் நேரசூசியில் நாள்தோறும் நாற்பது நிமிடத்தையாவது மரநிழலுக்கு ஒதுக்கலாம். கதையும் பாட்டும் சூழற்பாடமும் கூரையின் கீழேயே கற்பிக்கப்படவேண்டும் என்ற விதி எதுவுமில்லை. இடைவேளையில் பிள்ளைகளை வகுப்பறையுள் இருத்தி எழுதவைக்கும் வழக்கத்தைக் கைவிடலாம். விளையாட்டிடம் சிறுவருக்குப் போலவே சிறுமியருக்கும் உரியதாகவேண்டும். குறை கண்டறியப்பட்ட ஒவ்வொரு பிள்ளைக்கும் கண்ணாடி கிடைத்ததா என்பதைப் பாடசாலை பின்தொடர்ந்து உறுதிசெய்யலாம். வசதியற்றோருக்கு அதனை இலவசப் பாடநூலைப் போலவே வழங்குமாறு அரசை வற்புறுத்தலாம். பாடநூலை இலவசமாக அளித்துவிட்டு அதனை வாசிக்கும் கண்ணைப் பெற்றோரின் பணப்பைக்கு விட்டுவிடுவது முரண்பாடாகும்.

வாசிப்புக்கும் பகலொளிக்கும் இயல்பான பகைமை எதுவும் இல்லை. சிட்னிச் சிறார் இரண்டையும் பெற்றிருந்தனர். பிள்ளைக்குப் புத்தகம் வேண்டும். அதனை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு வரும் சுதந்திரமும் வேண்டும். இவ்விரண்டையும் ஒருசேரக் கோருவது கல்வியாளரின் கடமை.